வீட்டு நெட்டை எல்லோரும் சேர்ந்து இழுக்கும்போது: அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

வீட்டில் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார். இன்னொருவர் போனைச் சார்ஜில் போடுகிறார். இரண்டு நிமிடத்தில் மீட்டிங்கில் முகங்கள் உறைந்து, குரல் கரகரத்துப் போகிறது. சார்ஜருக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. சார்ஜும் வைஃபையும் கிடைத்தவுடன் பல போன்கள் அன்றைக்கு எடுத்த படம், வீடியோ எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்ற ஆரம்பித்துவிடும். அந்த ஒரு அப்லோடு போதும், வீட்டின் மொத்த நெட்டையும் தடுமாற வைக்க.

"நெட் பத்தவில்லை, பெரிய பிளானுக்கு மாறலாம்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் முடிவு. பெரும்பாலும் தவறான முடிவும் அதுதான். அடைப்பு மூன்று இடங்களில் இருக்கலாம். வெளியிலிருந்து வரும் லைனில், ரவுட்டருக்குள்ளோ மோடத்துக்குள்ளோ (லைனை ரவுட்டரோடு சேர்க்கும் பெட்டி) காத்திருக்கும் வரிசையில், அல்லது ரவுட்டருக்கும் சாதனத்துக்கும் நடுவில் இருக்கும் காற்றில். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றினால் நேரம்தான் போகும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

பிளானில் சொல்வது மெகாபிட் கணக்கு. டவுன்லோடு ஆகும்போது கம்ப்யூட்டர் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆக 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) லைனில் ஒரு ஃபைல் நொடிக்கு 12 மெகாபைட் வேகத்தில் இறங்கினால் லைன் முழு வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். "100 சொன்னான், 12தான் வருகிறது" என்று சண்டை போடப் போகுமுன் இதைப் பார்த்துக்கொள்ளவும்.

படி 1: கேபிள் போட்டு அளப்பது

வைஃபையில் எடுக்கும் ஸ்பீட் டெஸ்ட் லைனையும் காற்றையும் சேர்த்தே அளக்கும். குறை எதில் என்று அது சொல்லாது. அதனால் ஒரு லேப்டாப்பை ஈதர்நெட் கேபிளால் ரவுட்டரின் லேன் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். விபிஎன் இருந்தால் அதையும். ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் (பிரௌசரில் ரவுட்டரின் முகவரியை அடித்தால் திறக்கும் செட்டிங் பக்கம்) வைஃபையையே தற்காலிகமாக நிறுத்திவிட்டால் மற்ற எல்லாச் சாதனங்களும் ஒரே அடியில் விலகிவிடும்; ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. கேபிளில் இணைந்த டிவி, கேமரா இருந்தால் அவற்றை மட்டும் கையால் பிடுங்கவும்.

இப்போது மூன்று முறை டெஸ்ட் எடுத்து டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் குறித்து வையுங்கள். அதிகாலையில் ஒரு தடவை, இரவு 9 மணிக்கு ஒரு தடவை எடுத்தால் நல்லது. காலையில் சரியாக வந்து இரவில் மட்டும் பாதியாகிறது என்றால் நெரிசல் உங்கள் வீட்டுக்கு வெளியே. ரவுட்டரில் எதை மாற்றியும் பயன் இல்லை.

பிளான் 200 அல்லது 300 ஆக இருந்தும் எப்போது அளந்தாலும் 94, 95 என்றே வருகிறதா? அது லைன் குறை அல்ல. நடுவில் எங்கோ ஒரு இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் பூட்டிக்கொண்டிருக்கிறது. கிகாபிட் வேகத்துக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும், அதாவது எட்டுக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். ஒரே ஒரு கம்பி முனையில் சரியாக அழுந்தாமல் இருந்தாலும் இரு பக்கச் சாதனங்களும் பேசி முடித்துச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேட் 5இ அல்லது கேட் 6 என்று எழுதிய வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் 95 என்றால் ரவுட்டரின் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம். மாடல் விவரத்தில் இருக்கும்.

படி 2: இரண்டு பிங், பக்கத்தில் பக்கத்தில்

பிங் என்பது ஒரு சின்னச் செய்தியை அனுப்பி, பதில் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று அளப்பது. பலர் இதைச் செய்வதே இல்லை. ஆனால் வேறெந்தச் சோதனையைவிடவும் அதிகம் சொல்வது இதுதான்.

வைஃபையைத் திரும்பப் போட்டு, கேபிளைக் கழற்றி, பிரச்சினை வரும் இடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொள்ளுங்கள். கமாண்ட் சாளரம் இரண்டு திறக்க வேண்டும். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் ஓட விடவும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இல்லையென்றால் நெட்வொர்க் விவரத்தில் 'கேட்வே' என்ற பெயருக்கு நேரே பாருங்கள். இன்னொன்றில் வெளியே இருக்கும் ஒரு முகவரிக்கு, உதாரணமாக 8.8.8.8 அல்லது 1.1.1.1. விண்டோஸில் பிங் நான்கு தடவையில் நின்றுவிடும். கட்டளையோடு ஒரு சிறுகோடும் ஆங்கில 'டி' எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். மேக், லினக்ஸில் சும்மாவே ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டையும் ஓட விட்டு, வீட்டில் எல்லோரையும் வழக்கம்போல நெட் பயன்படுத்தச் சொல்லுங்கள். தடுமாற்றம் வரும் அந்த நொடியில் எந்தச் சாளரத்தில் எண் தாவுகிறது என்று பாருங்கள்.

ரவுட்டர் பிங் சாதாரணமாக 1 முதல் 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். அதுவே 80, 200 என்று குதித்தால், அல்லது 'டைம் அவுட்' வந்தால், குறை காற்றில். படி 5க்குப் போங்கள்.

ரவுட்டர் பிங் 3இல் அசையாமல் நிற்க, வெளி பிங் மட்டும் 20இலிருந்து 400, 700 என்று ஏறுகிறது. யாரோ எதையோ நிறுத்தியதும் சட்டென்று 20க்குத் திரும்புகிறது என்றால் வரிசைதான் அடைத்திருக்கிறது. வீட்டு நெட் தகராறுகளில் மிகச் சாதாரணமாகக் காண்பது இதுதான். படி 3, 4.

யாருமே எதுவும் செய்யாதபோதும் வெளி பிங் மட்டும் தாறுமாறாக இருந்தால் குறை லைனில். கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

வரிசை ஏன் அடைக்கிறது: ஒரு சின்னக் கணக்கு

பல பிளான்களில் அப்லோடு டவுன்லோடைவிடப் பல மடங்கு குறைவு. அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். மோடத்துக்குள் வெளியே போகக் காத்திருக்கும் தரவுக்கு 1 மெகாபைட் இடம் இருக்கிறது. ஒரு போன் வீடியோ ஏற்ற ஆரம்பித்ததும் அந்த 1 மெகாபைட்டும் நிரம்பிவிடும். 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் வாசலில் அது வெளியேற 0.8 நொடி. இப்போது மீட்டிங்கில் இருப்பவரின் குரல் துண்டு வந்து வரிசையின் வாலில் நிற்கிறது. அது வெளியே போக 800 மில்லிசெகண்ட். பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால்தான் உறுத்தாது என்பது தொலைபேசித் துறையின் பழைய அளவுகோல். 800 என்றால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் மௌனமாகிவிடுவார்கள்.

இதில் இன்னொரு வினையும் உண்டு. டவுன்லோடு ஆகும்போது உங்கள் சாதனம் "வந்து சேர்ந்தது" என்று அவ்வப்போது பதில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதில்களும் இதே அப்லோடு வரிசையில்தான் நிற்கும். பதில் வரத் தாமதமானால் மறுமுனை அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் படுக்கிறது. டவுன்லோடு வேகத்தை இரட்டிப்பாக்கும் பிளானை வாங்கினாலும் அப்லோடு அதேதான் என்றால் இந்தக் கோளாறு அப்படியே இருக்கும்.

இதற்குப் 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் வைத்தது. சில ஸ்பீட் டெஸ்ட் தளங்கள் சும்மா இருக்கும்போது தாமதம், சுமை ஏறியபோது தாமதம் என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 30 மில்லிசெகண்டுக்குள் என்றால் கவலையில்லை. நூறுகளில் போனால் வேலை இருக்கிறது.

படி 3: இழுப்பது யார்?

ரவுட்டரின் அட்மின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். சிலவற்றில் ஒவ்வொன்றும் இந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்றும் காட்டும். காட்டினால் வேலை சுலபம்.

காட்டாவிட்டால் வெளி பிங்கை ஓட விட்டுக்கொண்டே சாதனங்களைப் பாதிப்பாதியாக வைஃபையிலிருந்து விலக்குங்கள். பத்து சாதனத்தில் ஐந்தை விலக்கியதும் பிங் இறங்கினால் குற்றவாளி அந்த ஐந்தில். பிறகு அதில் பாதி. மூன்று, நான்கு சுற்றில் ஆள் பிடிபடுவார்.

பட்டியலில் பெயர் தெரியாத சாதனம் இருந்தால் உடனே பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து ஒரு பொய் முகவரியைக் கொடுக்கின்றன. உங்கள் போனே பெயரில்லாத ஆளாக நிற்கலாம். போனின் வைஃபை விவரத்தில் இருக்கும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் கழித்தபின்னும் ஒன்று மிஞ்சினால் பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டு அடிக்காமல் இணையும்) வசதியை அணைத்துவிடுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பழைய டிகேஐபி முறை பாதுகாப்பில் ஓட்டை என்பதோடு, வைஃபை வேகத்தையே 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் விடாமல் கட்டிப்போட்டுவிடும்.

வழக்கமாகச் சிக்குபவர்கள்:

- போனின் படக் காப்பு. இரவு 2 மணிக்குமேல் என்று நேரம் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் பகலில் தானாக ஏறுவதை நிறுத்திவிட்டுத் தூங்கும்போது கையால் போடலாம்.
- கிளவுடில் பதிவு செய்யும் கண்காணிப்புக் கேமரா. ஒவ்வொன்றும் இடைவிடாமல் 1 முதல் 4 எம்பிபிஎஸ் வரை அப்லோடு தின்னும். நான்கு கேமரா இருந்தால் 10 எம்பிபிஎஸ் அப்லோடில் மிச்சம் ஒன்றும் இல்லாமல் போகலாம். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய்யுமாறு மாற்றுங்கள்.
- விண்டோஸ் அப்டேட். தான் இறக்கிய அப்டேட்டை இணையத்தில் உள்ள பிற கம்ப்யூட்டர்களுக்கும் அனுப்பும் வசதி அதில் உண்டு. அப்டேட் பகுதியில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற இடத்தில் அதை அணைக்கலாம்.
- டோரண்ட் (ஃபைலைப் பலரிடமிருந்து இறக்கி, பலருக்கும் ஏற்றும் ஆப்). அப்லோடு வரம்பே இல்லாமல் விட்டால் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து ரவுட்டர் வைத்திருக்கும் இணைப்புகளின் கணக்குப் பட்டியலையும் நிரப்பிவிடும்.
- கேம் கன்சோல். விளையாடும்போது 1 எம்பிபிஎஸ்கூட எடுக்காது. ஆனால் அப்டேட் என்று வந்தால் பல பத்து கிகாபைட்.

படி 4: வரிசையை ரவுட்டரின் கைக்குக் கொண்டுவருவது

ஒவ்வொரு சாதனத்தையும் மிரட்டிக்கொண்டிருப்பது நிரந்தர வழி அல்ல. ரவுட்டரிலேயே ஒழுங்கு செய்யலாம்.

உங்கள் ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் அதிர்ஷ்டம். ரவுட்டரில் ஏற்றக்கூடிய ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். கேக், எஃப்க்யூ கோடெல் என்று இரண்டு முறைகள் அதில் வரும். எதைத் தேர்ந்தாலும் பலன் உண்டு. ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி, எல்லா வரிசையிலிருந்தும் மாறிமாறி எடுத்து அனுப்புகிறது. படம் ஏற்றும் போனின் நீண்ட வரிசைக்குப் பின்னால் குரல் துண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆனால் அடைப்பு மோடத்துக்குப் பதில் ரவுட்டரில் ஏற்பட்டால்தான் ரவுட்டரால் ஒழுங்குபடுத்த முடியும். அதனால் லைனின் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து எழுத வேண்டும். படி 1இல் கேபிளில் 96 டவுன்லோடு, 19 அப்லோடு வந்தது என்றால் 86, 17 என்று ஆரம்பியுங்கள். அதாவது அளந்ததில் 90 சதவீதம். பிறகு வெளி பிங்கை ஓட விட்டு ஒரு பெரிய ஃபைலை ஏற்றிப் பாருங்கள். பிங் 20இலிருந்து 30, 35க்கு மேல் போகாவிட்டால் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மறுபடி தாவ ஆரம்பித்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள். இழந்த 10 சதவீத வேகம் யார் கண்ணிலும் படாது. மீட்டிங் அறுபடாமல் ஓடுவது எல்லோர் கண்ணிலும் படும்.

இங்கே எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு: பல ரவுட்டர்களில் அந்தக் கட்டத்தில் எண்ணைக் கிலோபிட் கணக்கில் எழுத வேண்டும். 17 எம்பிபிஎஸ் என்றால் 17000. வெறும் 17 என்று எழுதிச் சேமித்தால் வீட்டு அப்லோடு முழுவதும் 17 கிலோபிட் ஆகிவிடும். எந்தப் பக்கமும் திறக்காது. கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் அலகைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

சாதாரண ரவுட்டரில் 'க்யூஓஎஸ்' அல்லது 'பேண்ட்வித் கண்ட்ரோல்' (யாருக்கு முன்னுரிமை, எவ்வளவு வேகம் என்று வைக்கும் வசதி) மட்டுமே இருக்கும். மொத்த வேகத்தை எழுதும் இடம் இருந்தால் மேலே சொன்ன அதே 90 சதவீதக் கணக்கு. அதற்குக் கீழே, அதிகம் ஏற்றும் சாதனத்துக்கு மட்டும் அப்லோடு வரம்பு போடுங்கள். 19இல் அதற்கு 6 கொடுத்தால் போதும். டவுன்லோடை எல்லோருக்கும் சமமாகப் பிரித்து 96ஐ ஆறு பேருக்குத் தலா 16 என்று வைப்பது நியாயம்போலத் தெரியும். ஆனால் மற்ற ஐந்து பேர் தூங்கும்போதும் ஆறாவது ஆளுக்கு 16தான் கிடைக்கும். வரம்பு போடுவதற்கு முன் அந்தச் சாதனத்துக்கு டிஹெச்சிபி பகுதியில் (ரவுட்டர் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் இடம்) நிலையான ஐபி முகவரி ஒதுக்கி, அதன் போலி மேக் வசதியையும் இந்த நெட்வொர்க்குக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முகவரி மாறியதும் வரம்பு வேறு யார் தலையிலாவது விழும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒழுங்கு வேலையை ரவுட்டரின் ப்ராசஸர்தான் செய்ய வேண்டும். வேகமாகக் கடத்திவிடும் வன்பொருள் குறுக்குவழி அப்போது அணைந்துவிடும். மலிவான ரவுட்டரில் க்யூஓஎஸ் போட்டதும் 300 வந்துகொண்டிருந்த லைன் 120க்கு விழுந்தால் காரணம் இதுதான். அங்கே மொத்த க்யூஓஎஸ் வேண்டாம். அதிகம் ஏற்றும் ஆப்பிலேயே வரம்பு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

படி 5: காற்றில் இருக்கும் நெரிசல்

வைஃபையில் ஒரு சேனலில் (அலைவரிசையின் ஒரு துண்டு) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். எனவே பங்கு போடப்படுவது மெகாபிட் அல்ல, நேரம். கடைசி அறையில் மூன்று சுவர் தாண்டி ஒரு பழைய டேப்லெட் 6 எம்பிபிஎஸ் இணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் 3 எம்பிபிஎஸ் வீடியோ ஓடுகிறது. கேட்க அற்பமான அளவு. ஆனால் ஒவ்வொரு நொடியிலும் குறைந்தது அரை நொடியை அது எடுத்துக்கொள்கிறது. ரவுட்டர் பக்கத்திலேயே 400 எம்பிபிஎஸ் இணைப்பில் இருக்கும் லேப்டாப்புக்கு மிச்ச நேரம்தான். வேகம் குறைந்த சாதனம்தான் காற்றை அடைக்கிறது. அந்த டேப்லெட்டை நல்ல சிக்னல் உள்ள இடத்துக்கு நகர்த்தினால் மொத்த வீட்டுக்கும் நன்மை.

சிக்னலை எண்ணில் பார்க்க ஒரு வைஃபை அனலைசர் ஆப் போதும். அளவு டிபிஎம்மில் வரும்; 0க்கு நெருங்க நெருங்க சிக்னல் வலுவானது. −50 டிபிஎம் மிக நன்று. −67 வரை வீடியோ அழைப்புக்கு நம்பலாம். −75க்குக் கீழே போனால் தடுமாறும்.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று மோதாதவை. சுற்றிலும் எது காலியோ அதைத் தேர்ந்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்று ஆசை காட்டும். நெரிசலான இடத்தில் அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளோடு இன்னும் அதிகமாக மோதத்தான் உதவும். மைக்ரோவேவ் அடுப்பு இதே அலைவரிசையில் இரையும். ரவுட்டரில் செருகிய யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அப்படியே.

மீட்டிங், டிவி, கேம் எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருப்பதால் சாதனம் மோசமானதில் ஒட்டிக்கொண்டால் பெயரைத் தனித்தனியாக வைத்துவிடுங்கள். ரவுட்டரை மறுதொடக்கம் செய்தபின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒரு நிமிடம் காணாமல் போகிறதா? பழுது இல்லை. 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று 60 நொடி கேட்டுவிட்டுத்தான் ரவுட்டர் பேசத் தொடங்க வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. பொறுக்க முடியாவிட்டால் 36 முதல் 48க்குள் ஒன்றை வையுங்கள்.

ரவுட்டரைத் தரையிலோ இரும்பு அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். இடம் நகராத சாதனங்களுக்குக் கேபிள் போட முடிந்தால் போட்டுவிடுங்கள். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். இருந்தாலும் போதும், காற்றில் ஒரு பெரிய ஆள் குறைகிறார். சிக்னலை நீட்டித் தரும் ரிப்பீட்டர் வாங்குமுன் யோசியுங்கள். ஒரே அலைவரிசையில் சிக்னலைப் பெற்று அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறதே?

ஆகும். பட்டியல்கள் காலியாகும், சேனல் புதிதாகத் தேர்வாகும். எல்லாவற்றையும்விட, எல்லோருடைய அப்லோடும் ஒரே நேரத்தில் அறுந்திருக்கும். அரை மணியில் மறுபடி மெதுவானால் வரிசை அடைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாள் கழித்து மெதுவானால் ரவுட்டர் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள், மென்பொருள் அப்டேட்டும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிளான்தான் சிறியதோ?

கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நெரிசலான ஒரு மாலை வேளைக்கு: 4கே வீடியோ ஒன்றுக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ், சாதாரண ஹெச்டி வீடியோவுக்கு 5, வீடியோ அழைப்புக்கு இரு பக்கமும் 2 முதல் 4. கூட்டி வரும் தொகை கேபிளில் அளந்ததில் 80 சதவீதத்தைத் தாண்டினால் மட்டுமே பெரிய பிளான் உதவும். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது அப்லோடு எவ்வளவு என்பதை.

சேவை தருபவரை அழைக்கும்போது

வைஃபையில் எடுத்த டெஸ்ட்டைச் சொன்னால் "ரவுட்டர் பக்கத்தில் போய்ப் பாருங்கள்" என்று போனை வைத்துவிடுவார்கள். மற்ற சாதனங்கள் விலக்கப்பட்டு, கேபிளில், இந்தத் தேதி, இந்த நேரத்தில் இவ்வளவு என்று மூன்று நாள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். யாரும் பயன்படுத்தாதபோது எடுத்த வெளி பிங் திரையும் இருக்கட்டும். ஃபைபர் இணைப்பாக இருந்தால் பெட்டியின் அட்மின் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டிபிஎம்மில் இருக்கும். ஜிபான் என்ற ஃபைபர் வகையில் −8க்கும் −27க்கும் இடையில் இருக்க வேண்டும். −27ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ போயிருந்தால் கண்ணாடிக் கம்பி எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் தூசி. அந்த எண்ணைச் சொல்லிப் புகார் பதிவு செய்து, ஆள் வந்து சரிசெய்து போனதும் அதே எண்ணைத் திரும்பப் பார்த்துக் குறித்துவையுங்கள்.